தொட்டித் தீர்த்தம்

குளிரைப் பிடித்து வைப்பதுதான் என் தொழில். யாரும் சொல்லித்தரவில்லை. பழுதான பிரிட்ஜுகளைக் கழற்றிப் பூட்டி, கையைச் சுட்டுச் சுட்டு நானாகப் பழகியது. அந்தப் பிராணி எங்கள் வீட்டுக்கு வந்ததும் அதனால்தான்.

யாழ்ப்பாண நகரப் பக்கம் ஒரு வாடிக்கைக்காரர் குடும்பத்தோடு கனடாவுக்குப் புறப்பட இருந்தார். அவர் வீட்டு ஏசியைக் கழற்றப் போன என்னிடம், மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கிற மாதிரி ஒரு ரெஜிபோம் பெட்டியை நீட்டினார்.

"தம்பி, இதுக்கு எங்கடை வெக்கை ஆகாது. தண்ணி சூடானால் செத்துப்போம். குளிர் தெரிஞ்ச ஆள் நீர்தான். கொண்டுபோம்."

உள்ளே பார்த்தால், வெளிறிய ரோசா நிறத்தில், ஒரு சாண் நீளத்தில், வாலும் கால்களும் வைத்த ஒன்று. கழுத்தின் இரண்டு பக்கமும் செவுள்கள் பூ விரித்தமாதிரி நின்றன. முகத்தில் ஒரு சிரிப்பு. குளிர் ஏரிகளில் வாழும் பிராணியாம், ஆக்சலோட்டில் என்று பெயர் சொன்னார். முன்னங்கால் ஒன்று பாதியோடு நின்றது. ஒரே தொட்டியில் கிடந்த மற்றது கடித்துவிட்டதாம். "பயப்படாதையும், அது திரும்ப முளைக்கும்," என்றார்.

உடுவிலில் எங்கள் வீட்டு விறாந்தை மூலையில் தொட்டியை வைத்தேன். கடையொன்றில் கழித்துவிட்ட தண்ணீர் கூலரைப் பிரித்து, தொட்டித் தண்ணீர் அதற்குள் போய்க் குளிர்ந்து திரும்பி வரும்படி செய்தேன். வாழைப் பாத்தியைக் கிண்டி மண்புழு போட்டேன். ஊர்ச்சனம் பார்க்க வந்தது. சனம் ஒரு பொருளைப் பார்த்துச் சொல்லும் முதல் வார்த்தை இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே நான் கதவைத் திறந்து வைத்திருப்பேன். "பாவம், பிறக்கிறதுக்கு முதல் எழும்பி வந்திட்டுது," என்றார் பின்வீட்டு அக்கா. மயிலிட்டியில் இருந்து மீன் கொண்டுவருகிறவர் சைக்கிளை நிறுத்தி, நெடுநேரம் பார்த்துவிட்டு, "உதைக் கருவாடு போடவும் ஏலாது," என்று முடித்தார்.

என் மனைவிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "இஞ்சருங்கோ, உது பிள்ளையளைக் கடிக்காதோ?" என்றாள். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. அது கடிக்காது, பல்லென்று சொல்ல அதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை என்று சொன்னேன். ஆனால் போனில் தேடித் தேடி வாசித்ததில் எனக்கு வேறொரு பயம் பிடித்திருந்தது. இந்த மாதிரிப் பிராணிகளின் குடலில் ஒரு கிருமி இருக்குமாம். அவற்றுக்கு ஒன்றும் செய்யாது, சின்னப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போனால் பாடாய்ப் படுத்துமாம். அதனால் பிள்ளைகளை நிறுத்தி ஒரு சட்டம் போட்டேன்: தொட்டிக்குள் கை வைக்கக்கூடாது. இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

அதன் பிறகு எனக்குப் பயம் எல்லாம் கரண்டைப் பற்றித்தான். கரண்ட் நின்றால் கூலர் நிற்கும். வேலைக்குப் போன இடத்தில் விளக்கு அணைந்தால் வீட்டுக்குப் போன் எடுப்பேன். போத்தலில் தண்ணீரை உறையவைத்துத் தயாராக வைத்திருந்தேன்.

கால் முளைத்தது. முதலில் ஒரு மொட்டு. பிறகு மொட்டு நீண்டு, நுனியில் நூல் மாதிரி விரல்கள். மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முதல் தொட்டியடிக்குத்தான் போவாள்.

பக்கத்து வீட்டு அண்ணைக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மிதிவெடி. தச்சுவேலை செய்கிறவர். பகலில் செயற்கைக் கால் போட்டிருப்பார், வேலை முடிந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலோடு எங்கள் விறாந்தைக்கு வருவார். அன்றும் வந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உவனுக்குத் திருப்பி உண்மையான காலே கிடைச்சிட்டுது. எனக்குப் பிளாஸ்டிக்கிலைதான் தந்தவை," என்றார்.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, உங்கடை எப்ப முளைக்கும்?"

மனைவி தேத்தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். அண்ணைக்கு ஒன்றும் இல்லை. "என்ரை கொஞ்சம் பிந்தின விதை, பிள்ளை. ஆறுதலாத்தான் முளைக்கும்," என்றார். நான் அந்தச் சொல்லை ரசித்தேன். மகள் அதை நம்பினாள். அது எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் பிள்ளைகள் கோயில் விளையாட்டு விளையாடுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஒழுங்கை முனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் வருகிறவர்கள்தானே. அரிசி அளக்கிற சுண்டை மணியாக அடிப்பார்கள், இலையால் அர்ச்சனை செய்வார்கள். அந்த மாதம் மகள்தான் ஐயர். இடுப்பில் என் சால்வை. மகன் பூசைக்கு வந்த சனம். வேலி வழியே வரும் அண்ணையும் சனம். பூசை முடிந்து ஒரு சின்னச் செம்பில் இருந்து கரண்டியால் தீர்த்தம் கொடுப்பாள். அவர்கள் உள்ளங்கையைக் குழித்து வாங்கிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவுவார்கள். எத்தனையோ முறை அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் எழும்பவில்லை. தொட்டால் நெருப்பு. படுக்கையிலேயே வயிற்றால் போயிருந்தது. கொடுத்த தண்ணீரைச் சத்தி எடுத்தான். "டெங்கு வந்து திரியிற நேரம்," என்றாள் மனைவி. அவள் குரல் அப்படிச் சிறுத்து நான் கேட்டதில்லை. மகள் கதவோரம் நின்றாள். வாயில் விரல். என்னவென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணையின் குரல்.

"தம்பி, உங்கடை ஐயரம்மாவிட்டைச் சொல்லு, தீர்த்தத்திலை ஒரு துளசியாவது போடட்டாம். மீன் மணம் தாங்கேலாமல் கிடக்கு. எனக்குக் காலமை தொடக்கம் வயிறு சரியில்லை."

நான் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மகளின் முன்னால் முழங்காலில் இருந்தேன். "செம்புக்குள்ளை எங்கத்தைத் தண்ணி விட்டனீ, பிள்ளை?"

அவள் தொட்டியைக் காட்டினாள்.

"அப்பா கை வைக்கக்கூடாது எண்டு சொன்னனான் எல்லே?"

"நான் கை வைக்கேல்லை. கரண்டியாலைதான் அள்ளினனான்."

"ஏன் பிள்ளை?"

"மாமாக்குக் கால் வரவேணும் எண்டு. தம்பிக்கு முழங்கால் காயம்."

"நீயும் குடிச்சனியோ?"

"நான் ஐயர்," என்றாள். "குடுக்கிறது மட்டும்தான்." அதற்குப் பிறகு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் அந்த இளம் டொக்டர் மகனின் வயிற்றை அமத்தியபடி, "கடைசியா வெளியிலை என்ன சாப்பிட்டவர், என்ன குடிச்சவர்?" என்று கேட்டார்.

"மீன்தொட்டித் தண்ணி, டொக்டர்."

அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். தொட்டியில் மீன் அல்ல, வேறு பிராணி என்று சொல்லி, போனில் வாசித்த கிருமியின் பெயரையும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சொன்னது நல்லம். இல்லாட்டி நாங்கள் டெங்குவையே தேடிக்கொண்டிருப்பம்," என்றார். சின்னப் பிள்ளைக்கு இரத்தத்தில் ஏறினால்தான் கரைச்சல், பார்ப்போம் என்றார். அந்தப் 'பார்ப்போம்' என் நெஞ்சுக்குள் போய்க் குந்திக்கொண்டது.

மகனின் கை சேலைன் ஊசிக்குக் காணாத சின்னக் கை. நரம்பு கிடைக்காமல் தாதி மாறிமாறிக் குத்தினாள். முதலில் கத்தினான். பிறகு கத்தவும் இல்லை. கத்தாமல் கிடந்தபோதுதான் எனக்கு உயிர் போனது. கண் குழிவிழுந்து, உதடு காய்ந்து, என்னைப் பார்க்கிறான், ஆனால் பார்க்கவில்லை. மனைவி அவன் காலைப் பிடித்தபடி கதிரையில் இருந்தாள். குளிரப் பண்ணுகிற தொழில்காரன், என் பிள்ளையின் உடம்புச் சூட்டை ஒரு பாகை இறக்க வழி தெரியாமல் ஈரத்துணியோடு நின்றேன்.

பின்னேரம் வார்டு வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. அண்ணை. முகம் வெளிறி இருந்தது.

"நானும் மருந்து எடுக்கத்தான் வந்தனான்," என்றார். "ஒற்றைக் காலோடை கக்கூசுக்கு எவ்வளவு கெதியா ஓடலாம் எண்டு இண்டைக்குத்தான் கண்டுபிடிச்சனான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அண்ணை, மணத்திலை தெரிஞ்சிருக்குமே. பிறகேன் குடிச்சனீங்கள்?"

அவர் கட்டிலில் கிடந்த மகனைப் பார்த்தார். "இவனுக்கும் அதைத்தான் குடுக்கிறாள் எண்டு நினைக்கேல்லை, தம்பி. இவனுக்குக் கிணத்துத் தண்ணி எண்டுதான் நினைச்சனான். தெரிஞ்சிருந்தால் தட்டி ஊத்தியிருப்பன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அவள் செம்போடை நிக்கிற நிலையைப் பாத்தால், வேண்டாம் எண்டு சொல்ல வாய் வருமே?"

ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றினார். "முந்தநாள் காலமை எழும்பி, போர்வையை விலத்திப் பாத்தனான் தம்பி. சும்மா. ஒருக்கா."

அவருக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டேன்.

மகன் தேறினான். உடனே இல்லை. காய்ச்சல் இறங்கும், ஏறும். ஏறுகிற ஒவ்வொரு முறையும் மனைவி என்னைப் பார்ப்பாள், நான் ஜன்னலைப் பார்ப்பேன். ஒரு காலையில் தாதி கொண்டுவந்த பிஸ்கட்டை அவன் கையிலிருந்து யாரோ பறிக்க வருவதுபோல இறுக்கிப் பிடித்தான். அப்போதுதான் மனைவி அழுதாள்.

பிராணியை வீட்டில் வைக்கக்கூடாது என்று அவள் சொன்னாள். நான் மறுக்கவில்லை. இப்போது அது என் வேலைக்கொட்டிலில் இருக்கிறது. பலகை மூடியை அண்ணைதான் செய்து தந்தார், பூட்டு நான் போட்டேன். திறப்பு என் அரைஞாணில் தொங்குகிறது. கால் முழுதாக வந்துவிட்டது, எது வெட்டுப்பட்ட கால் என்று இப்போது எனக்கே தெரியாது. மகள் கொட்டில் பக்கம் போவதில்லை. தம்பி இருமினால் மட்டும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்ப்பாள். "அது வெறும் இருமல், பிள்ளை," என்று நான் சொல்லவேண்டும். சொன்ன பிறகும் நான் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை எல்லோருமாகப் பிள்ளையாரிடம் போனோம். பூசை முடிந்து ஐயர் தீர்த்தத்தோடு வரிசையில் வந்தார். அண்ணை கையைக் குழித்து வாங்கினார், குடித்தார், மிச்சத்தைத் தலையில் தடவினார். மகன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஐயரை அண்ணாந்து பார்த்தான்.

"ஐயா, இது எந்தத் தொட்டித் தண்ணி?"

ஐயர் விளங்காமல் சிரித்தார். "எங்கடை கிணத்துத் தண்ணி, ராசா."

அவன் கையை முன்னால் கொண்டுவரவில்லை. ஐயர் அடுத்ததாக என்னிடம் வந்தார். உள்ளங்கையில் குளிர்ந்து விழுந்ததை வாய்க்குக் கொண்டுபோக முதல், ஒருவரும் காணாதபடி நான் மணந்து பார்த்தேன். துளசிதான் மணந்தது. திரும்பினால், மனைவியும் தன் கையை மூக்கடியில் வைத்திருந்தாள்.