கார்டா, மானிட்டரா, கடைக்காரியா?

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைங்கிறது, பொருளைக் கொடுத்துட்டுப் போறவங்க வாசல் வரைக்கும் போய் மூணு தடவை திரும்பிப் பார்க்கிற இடம். பூந்தமல்லியில பதினாலு வருஷமா அப்படி ஒரு கடை வெச்சிருக்கேன். இதே தொழில்ல மாட்டிக்கிட்டு முழிக்கிற சகோதர சகோதரிகளே, படிச்சிட்டு "எங்க கடையிலயும் இதே கதைதான்"னு ஒரு பெருமூச்சு விட்டீங்கன்னா எனக்கு அதுவே போதும்.

சார் இல்லையா?

என் கடையில ரெண்டு மேசை. ஒண்ணுல நான், கையில ஸ்க்ரூ டிரைவரோட. இன்னொண்ணுல என் வீட்டுக்காரர் செல்வம், ஜெராக்ஸ் மெஷினோட. கம்ப்யூட்டர் பெட்டியில எது முன்பக்கம்னே அவருக்குக் குத்துமதிப்பாத்தான் தெரியும். ஆனா உள்ள வர்றவங்க நேரா அவர்கிட்டதான் போவாங்க. அவரும் என்னைக் கை காட்டுவார்.

ரஹீம் பாய் அப்படித்தான் வந்தார். சோபாவுக்கு மெத்தை தைக்கிற பட்டறை வெச்சிருக்கிறவர். கூட அவர் பொண்ணு நஸ்ரின், காலேஜ்ல ரெண்டாவது வருஷம். காலேஜ் கேம் டீம்ல அஞ்சு பேர், அதுல இவளும் ஒருத்தி. பத்து நாள்ல மேட்ச். ஆனா வீட்ல விளையாடுறப்போ பாதியில படம் திக்கித் திக்கி நின்னு போகுதாம். அம்பத்தூர்ல ஒரு கடைக்காரர் கிராபிக்ஸ் கார்டை மாத்துன்னாராம், பாயோட மச்சான் பையன் மானிட்டரை மாத்துன்னானாம். "ஒண்ணுதாம்மா வாங்கித் தருவேன். அதுக்கப்புறமும் நின்னுச்சுன்னா பெட்டியை வித்துடுவேன், கேமும் வேணாம் ஒண்ணும் வேணாம்"னார் பாய். அந்தப் பொண்ணு தரையைப் பார்த்துக்கிட்டே நின்னா.

நான் பொறுமையா சொன்னேன். கார்டு சமையல்காரர் மாதிரி, மானிட்டர் பரிமாறுறவர் மாதிரி. சமையல் லேட்டானா பந்தி காத்திருக்கும், பரிமாறுறவர் மெதுவா இருந்தா சமைச்சது அண்டாவுலயே கிடக்கும். எவர்மேல தப்புன்னு பார்த்துட்டுத்தான் ஆளை மாத்தணும், பெட்டியையும் மானிட்டரையும் கொடுத்துட்டுப் போங்கன்னேன். பாய் முழுசாக் கேட்டார். அப்புறம் அப்படியே திரும்பி ஜெராக்ஸ் மேசையைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, தங்கச்சி சொல்றது கரெக்ட்டுதானே?"

நெயில் பாலிஷ்

பெட்டியைத் திறந்தா உள்ள ஒவ்வொரு பாகத்துலயும் ரோஸ் கலர் நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு. கார்டுல ஒண்ணு, ஃபேன்ல ஒண்ணு, மெமரியில ரெண்டு. நம்ம ஆளுங்களுக்கு இது பழக்கம்தான். நல்லதைக் கழட்டிட்டு மட்டமானதை மாட்டிடுவோம்னு ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை. ஒருத்தர் மார்க்கர்ல இனிஷியல் போடுவார், ஒருத்தர் நான் ஸ்க்ரூவைக் கழட்டுறதையே வீடியோ எடுப்பார். அயனம்பாக்கத்துல இருந்து வர்ற ஒரு ஐடி தம்பி என் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவார், பாத்ரூமுக்குக் கூட எழுந்திரிக்க மாட்டார்.

எனக்கு வருத்தமா இல்லையான்னு கேட்டா, வருத்தம்தான். பதினாலு வருஷத்துல ஒரு ஸ்க்ரூவை மாத்தி வெச்சதில்ல. பாய்கிட்ட நேராவே கேட்டுட்டேன், இத்தனை பொட்டு எதுக்கு பாய்னு. அவர் கொஞ்சம்கூட அசரல: "உன் மேல சந்தேகம் இல்லம்மா, பழக்கமாயிடுச்சு. உன்னை நம்பித்தானே நாலு பொட்டோட நிறுத்துனேன்."

இங்க ஓடுது, அங்க நிக்குது

கடையில அந்த கேமை ரெண்டு மணி நேரம் ஓட விட்டேன். படம் எத்தனை வேகமா வருதுன்னு ஓரத்துல ஒரு நம்பர் ஓடும். அது ஆடல அசையல. கார்டும் நல்லா இருக்கு, மானிட்டரும் அந்த கார்டுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. மெட்ரோ வேலை நடக்குற ரோடு ஆச்சே, தூசிதான் அடைச்சு சூடாகி இருக்கும்னு கழட்டி ஊதி, சூட்டைக் கடத்துற புது பேஸ்ட் வெச்சு, "எதுவும் வாங்க வேணாம் பாய்"னு கொடுத்தனுப்பினேன். அவர் முகத்தைப் பார்க்கணுமே. எதையாவது தலையில கட்டியிருந்தா நிம்மதியாப் போயிருப்பார்.

மறுநாளே போன். இருபது நிமிஷம் நல்லா ஓடி, அப்புறம் நின்னுச்சாம். எனக்கும் சந்தேகம் வந்துச்சு. இந்தப் பொண்ணு வேற எதையாவது டவுன்லோட் பண்ணி மறைக்குதோ? இல்ல, புது கார்டு வாங்க வைக்க நாடகமோ? சாயங்காலம் நஸ்ரின் தனியா வந்தா. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு: "தோக்குற நேரம் பார்த்து கம்ப்யூட்டர் நின்னுடுச்சுன்னு நான் பொய் சொல்றேனாம் அக்கா, டீம்ல இருந்தே தூக்கப் போறாங்களாம்."

ரிமோட்

சரி, வீட்டுக்கே போய்ப் பார்த்துடலாம்னு சொல்லிட்டுப் போனேன். பாயோட சம்சாரம் சபீனா, வாசல்லயே நின்னு கூப்பிட்டாங்க. வீடு துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. மேசைக்குக் கீழ பெட்டி, நாலு பக்கமும் காத்து. நஸ்ரின் ஒண்ணரை மணி நேரம் விளையாடினா. சபீனா சமோசா வெச்சாங்க, டீ வெச்சாங்க, மறுபடி சமோசா வெச்சாங்க. கேம் ஒரு தடவை கூட நிக்கல.

நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டல, போன் அடிக்குது. நின்னுடுச்சாம். எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல. மறுநாள் பாய் கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, ரொம்ப மரியாதையாக் கேட்டார்: "நீ இருந்தா ஓடுது, நீ போனா நிக்குது. கடையில இருந்தே நிறுத்துற மாதிரி ரிமோட் எதனா வெச்சிகினு கீறியாம்மா?"

வளையல் போட்ட கை

அன்னிக்கு எனக்குத் தூக்கமே கெட்டுது. மேட்ச்சுக்கு நாலு நாள். பாய் பெட்டியை விக்க ஆள் பார்க்க ஆரம்பிச்சிட்டார். நஸ்ரின்கிட்ட சொன்னேன், பின்னாடி ஒரு நாற்காலியில போனை நிறுத்தி, நீ விளையாடுறதை முதல்ல இருந்து வீடியோ எடு, டீம்காரங்களுக்கும் சாட்சியா இருக்கும்னு.

வீடியோவோட ஓடி வந்தா. ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். விளையாட உக்காரும்போது பெட்டி மேல இருக்கிற உறையை எடுத்து ஓரமா வெக்கிறா. ஹெட்போன் மாட்டுறா, கண்ணு திரையில. கொஞ்ச நேரத்துல சபீனா உள்ள வர்றாங்க. பொண்ணைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நுனிக்கால்ல வர்றாங்க. குனிஞ்சு, வளையல் போட்ட கையால அந்த உறையை எடுத்து, தூசு படாம, பெட்டி மேல நல்லா இழுத்துப் போர்த்தி, ஒரு தட்டு தட்டிட்டுப் போறாங்க. மெரூன் வெல்வெட், சோபா துணி. உள்ள ஸ்பாஞ்சு வெச்சுத் தெச்சது. மெஷின் மூச்சு முட்டாம என்ன பண்ணும்? விளையாடி முடிச்சு எழுந்து உறையைப் பார்க்கிறப்போ, இப்பதான் அம்மா மூடியிருக்காங்கன்னு இவ நெனச்சுக்குவா. நான் போனப்போ விருந்தாளி முன்னாடி குனிஞ்சு வளைஞ்சு வேலை பார்க்க வேணாம்னு விட்டிருக்காங்க.

நான் சிரிச்சிட்டேன். நஸ்ரினும் சிரிச்சா, அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. அந்த உறையைத் தைக்க அவங்க அம்மா மூணு நாள் உக்காந்தாங்களாம், ஓரத்துல லேஸ் வேற. அவ என் கையைப் பிடிச்சிக்கிட்டு சொன்னா: "அம்மாவாலதான்னு மட்டும் சொல்லிடாதீங்க அக்கா, அத்தா திட்டுறதை விட அவங்க தன்னையே திட்டிக்குவாங்க."

வாரண்டி

அன்னிக்கே அவங்க வீட்டுக்குப் போனேன். எனக்குப் பொய் சொல்ல வராது. போற வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டே போனேன். பெட்டியைச் சும்மா திறந்தேன், ரெண்டு ஒயரைத் தொட்டேன், மூடினேன். "வோல்டேஜ் பாய். ஏறி இறங்குது. சரி பண்ணிட்டேன்"னேன். அப்புறம் சபீனா பக்கம் திரும்பி, "இனிமே ஓடுறப்போ மேல எதையும் போடாதீங்க, போட்டா வாரண்டி கேன்சலாயிடும்"னேன்.

வாரண்டின்னதும் அவங்க பதறிப் போய் அந்த உறையை எடுத்து மடிச்சு பீரோவுல வெச்சாங்க. வெச்சிட்டு வந்து நெஞ்சுல கை வெச்சு சொன்னாங்க: "நல்லவேளைம்மா, இத்தனை நாளா மூடி வெச்சும் மெஷினுக்கு ஒண்ணும் ஆவல."

நஸ்ரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

மேட்ச்ல முதல் ரவுண்டு ஜெயிச்சாங்க, ரெண்டாவதுல தோத்தாங்க. ஆனா நஸ்ரின் கடைசி நிமிஷம் வரைக்கும் இருந்து தோத்தா, டீம்லயும் இருக்கா, பெட்டியும் வீட்லயே இருக்கு. கார்டும் வாங்கல, மானிட்டரும் வாங்கல. அடுத்த வாரம் ரஹீம் பாய் கடைக்கு வந்தார். முதல் தடவையா ஜெராக்ஸ் மேசைப் பக்கமே திரும்பல, நேரா என்கிட்ட வந்து உக்காந்தார். முகத்துல அப்படி ஒரு தெளிவு: "வோல்டேஜ்னு மொதல்லயே உண்மையைச் சொல்லியிருந்தா, நான் ஏம்மா உன்னை சந்தேகப்படப் போறேன்?"

பதினாலு வருஷ உண்மைக்குக் கிடைக்காத மரியாதை ஒரே ஒரு பொய்க்குக் கிடைச்சிருக்குன்னா, சந்தேகம் இப்போ எனக்கு இந்தத் தொழில் மேலதான்.