முகமில்லாத ஆல்பம்

"மூச்ச இழுத்துப் பிடி. ஆடாத! கையா, ஆத்துமீனா?" என்று அதட்டியபடியே நோயாளியின் மணிக்கட்டை மரச்சட்டத்துக்குள் பொருத்துகிறாள் ஜுல்மிரா. பிரேசிலின் பெலேம் நகரத்துத் தோல் மருத்துவமனையில் முப்பத்தொரு வருடமாகப் படம் பிடிக்கிறாள். மாதாமாதம் அதே தூரம், அதே வெளிச்சம், அதே கோணம். அப்போதுதான் மருந்து கேட்கிறதா என்று தெரியும்.

முகங்கள் அவளுக்கு நினைவிருப்பதில்லை. சந்தையில் யாராவது மீனுக்குக் கை நீட்டினால் போதும், "தொண்ணூத்தெட்டாம் வருஷத்து முழங்கையாச்சே இது!" என்று நின்றுவிடுவாள். மத்தியான மழை கொட்டும்போது அலமாரியைத் திறந்து, ஃபிலிம் காலத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். குணமானவர்கள் திரும்பி வருவதில்லை. அதுதான் நல்லது என்று தெரிந்தும் ஏங்குவாள்.

"சொகமாயிடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா என்னவாம்? நன்றிகெட்ட முட்டிங்க!"

போன செவ்வாய்க்கிழமை லின்டால்வா வந்தாள். அசாயி என்னும் ஊதாப் பழத்தைப் பிழிந்து விற்பவள். இரண்டு கைகளிலும் வெண்திட்டுகள். இந்த மாதமும் மாற்றம் இல்லையென்றால் ஒளி சிகிச்சையை நிறுத்திவிடப் போவதாக டாக்டர் சொல்லியிருந்தார். படம் திரையில் வந்தது. திட்டுகளில் பாதியைக் காணோம்!

"அக்கா, கொறஞ்சிடுச்சு!" என்று துள்ளினாள் லின்டால்வா.

ஜுல்மிரா அவளுடைய நகக்கண்ணைப் பார்த்தாள். ஊதா.

"காலைல பழம் பிழிஞ்ச கையோட அப்பிடியே வந்தியா, மகராசி?"

எலுமிச்சை தேய்த்துக் கழுவியதும் சாயம் போயிற்று. வெள்ளை பழையபடி பல்லைக் காட்டியது.

"மொதப் படத்தையே குடுத்திடேன் அக்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

அந்தப் படத்தை அழித்தாள். லின்டால்வா விசும்பினாள். ஜுல்மிரா அவள் கையை மறுபடி சட்டத்துக்குள் வைத்துப் படமெடுத்தாள். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியை மணிக்கட்டில் வைத்து இஞ்ச் இஞ்சாகத் தேடினாள். ஒரு மயிர்க்காலைச் சுற்றி, ஊசிமுனையளவு பழுப்பு. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஒன்று. எப்போதோ ஒரு படகோட்டியின் முட்டியிலும் இப்படித்தான் நிறம் திரும்ப ஆரம்பித்தது.

"இங்க பாருடி. இது கழுவினாப் போவாது."

டாக்டர் அவசரக்காரர், ஒரு பார்வை, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ஜுல்மிரா புதுப் படத்தை அவர் மேசையில் வைத்தாள்.

"மாத்தமே தெரியலையே, ஜுல்மிரா?"

சிகிச்சையை நிறுத்தும் சீட்டுக்கு அவர் கை போவதற்குள், அவர் பேனாவை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியை நீட்டினாள்.