உப்பு போட மறுத்த வீடு

முதலில் வந்தது தலைவலி. பாகூர்ப் பக்கம் நடவுக்குக் குனிந்த சற்று நேரத்தில் மண்டை பிளக்கும், நெஞ்சு படபடக்கும், சேலை வியர்வையில் தொப்பலாக நனையும். வரப்பில் போய் உட்கார்ந்தால் அடங்கிவிடும். கூட நட்ட பெண்கள் எனக்கு வேலைக்கள்ளி என்று பெயர் வைத்தார்கள். எனக்கே பாதி சந்தேகம் இருந்தது.

"இவ்ளோ மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கல. எப்பம்மா வருது இந்தத் தலைவலி?" என்று பெரிய மருத்துவமனை டாக்டர் கேட்டார்.

"குனிஞ்சா வருது சார்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன். ஃபியோகுரோமோசைட்டோமா (சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் வளரும் கட்டி) என்றார்கள். நாம் பயந்தால் உடம்பில் சுரப்பதை இந்தக் கட்டி காரணமில்லாமலே கொட்டுமாம். குனிந்து வயிறு அழுந்தினாலும் கொட்டுமாம்.

அறுத்து எடுத்துவிடலாம். அதற்கு முன் சில வாரம் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் மாத்திரை, கூடவே உப்பும் தண்ணீரும் நிறைய. இல்லையென்றால் கட்டியை எடுத்ததும் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. என் வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அவர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவர். எனக்கு முடியாமல் போனதிலிருந்து சமையலும் அவர்தான். குழம்பு சப்பென்று இருந்தது. நோயில் என் நாக்கு செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து நின்றால் கண் இருட்டியது.

அடுத்த முறை டாக்டர் என்னைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அளந்தார். நின்றதும் ரத்த அழுத்தம் மடமடவென இறங்கியது.

"உப்பு சேத்துக்கறீங்களா?"

நான் வாய் திறக்கும் முன் வீட்டுக்காரர் சொன்னார். "போடல சார். பிரஷருக்கு உப்பு விஷம்னு ஊரே சொல்லுது. என் கையால போட்டு இவளுக்கு இன்னா ஆவுமோன்னு பயந்துட்டேன்."

அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. பஸ்ஸில் கேட்டேன்: "இன்னாயா, என்னைக் கொல்லப் பாத்தியா?"

"காப்பாத்தப் பாத்தேன்டி."

கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகையும் வந்தது. அன்று முதல் உப்பு போட்டுப் பரிமாறிவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

பிறகு கட்டியை எடுத்தார்கள். பிழைத்தேன். இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: உப்பு கூடுமா கூடாதா என்பதை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

போன மாதம் வரப்பில் ஒரு சாரைப்பாம்பு காலை உரசிக்கொண்டு ஓடியது. நெஞ்சு அடித்துக்கொண்டது. பழக்கத்தில் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்து வலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பாம்பு வாய்க்காலில் இறங்கிப் போனது, நெஞ்சும் அடங்கிவிட்டது. பாம்பைப் பார்த்துப் பயந்திருக்கிறேன், அவ்வளவுதான்.