அவசரப்பட்டு நான் போட்ட இரங்கல் செய்தி

கார்த்திகைக் கடைசியில் எங்கள் காலனியில் வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் படுத்திருப்பார்கள். வில்லாபுரம் தாண்டி, வயலாக இருந்த இடத்தில் எழும்பிய காலனி. மழை பெய்தால் தண்ணீர் வந்து தேங்கி நிற்கும், பின்னாலேயே கொசு வரும். அதனால் குடியிருப்போர் சங்கத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, அந்த ஒன்றிரண்டு மாதமும் விடிகாலையில் பூங்காக் கொட்டகையில் நிலவேம்புக் கசாயம் காய்ச்சிக் கொடுப்போம். தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது, தனியாக இருப்பவர்களுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பது எல்லாம் அதோடு சேர்ந்த வேலைதான்.

எனக்குக் கொடுத்திருந்த பொறுப்பு செய்தி. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருடம் எழுதிய கை என்பதால் என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். பூங்கா வாசலில் ஒரு கரும்பலகை, போனில் ஒரு வாட்ஸ்அப் குழு. தண்ணீர் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும், கொசு மருந்து அடிக்க எந்தத் தெருவுக்கு வருகிறார்கள், யார் வீட்டில் விசேஷம், யார் வீட்டில் துக்கம், எல்லாம் என் வழியாகத்தான் போகும். செய்தியை முதலில் சொல்லுவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? இது நடந்த வாரம், தண்ணீர் வராது என்ற செய்தியை மூன்றாம் தெருப் பெண் ஒருத்தி எனக்கு முன்னாலேயே குழுவில் போட்டுவிட்டாள். இரண்டு நாளாக அது மனதில் முள்ளாகக் கிடந்தது.

எங்களில் வயதில் மூத்தவர் போர்மேன் சார். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபிறகு நான்காம் தெருவில் தனியாக இருந்தார். ஒரே மகன் திருப்பூரில். தான் விரும்பிய பெண்ணை அவன் கட்டிக்கொண்டதிலிருந்து அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு இல்லை. கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. அவனும் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. நாங்கள் யாரும் அவரிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. கொட்டகையில் ஒயர் பழுது, மோட்டார் பழுது என்றால் அவர்தான். எழுபது வயதில் ஏணி ஏறாதீர்கள் என்றால், "நீ ஏறுறியா?" என்று கேட்பார்.

அன்றைக்கு என் கணவருக்குக் காய்ச்சல். நான் கொட்டகைக்குப் போகவில்லை. காலை எட்டு மணி இருக்கும். எங்களோடு சேவைக்கு வரும், கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் போன் செய்தார். மழை மூட்டம், எங்கள் தெருவில் சிக்னல் எப்போதுமே மோசம்.

"தங்கச்சி... ஆம்புலன்ஸ் வந்துருக்கு... போர்மேன் சார்... தவறி..."

அவ்வளவுதான். போன் கட்டாகிவிட்டது.

திரும்பக் கூப்பிட்டேன். பிஸி. மறுபடி கூப்பிட்டேன். பிஸி. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள்தான் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, "கசாயத்துல இன்னும் கொஞ்சம் சுக்குப் போடுங்கம்மா, பிள்ளைக முகத்தைச் சுளிக்குதுக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. அழுதேன் என்பது உண்மை. அழுதுகொண்டிருக்கும்போதே, வேறு யாராவது குழுவில் முந்திப் போட்டுவிடுவார்களே என்று தோன்றியதும் உண்மை. பூங்கா எங்கள் வீட்டிலிருந்து இரண்டே தெரு. நடந்து போய்ப் பார்த்திருக்கலாம். நான் போனை எடுத்துத் தட்டினேன்.

நமது காலனியின் மூத்த உறுப்பினர், தன்னலம் பாராத சேவையாளர் போர்மேன் சார் இன்று காலை இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். விவரங்களுக்கு என்னைத் தொடர்பு கொள்ளவும்.

இரண்டு நிமிடத்தில் குழு நிரம்பிவிட்டது. கும்பிடும் கைகள், அழும் முகங்கள், ஆழ்ந்த இரங்கல்கள். கணவரிடம் மாத்திரையைக் கொடுத்துவிட்டு நான்காம் தெருவுக்கு ஓடினேன். அவர் வீடு பூட்டியிருந்தது. வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஒருவர் பந்தல்காரனுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். "நாற்காலி அம்பது போதுமா?" என்று என்னிடம்தான் கேட்டார். சிம்மக்கல்லுக்கு நிலவேம்புப் பொடி வாங்கப் போயிருந்த ஆட்டோக்காரத் தம்பி, செய்தியைப் பார்த்துவிட்டு அங்கேயே ஒரு ரோஜா மாலையும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினான். எதிர்வீட்டு அக்கா வாசல்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அந்த நேரத்தில் கண்டக்டர் அண்ணன் மறுபடி கூப்பிட்டார்.

"ஏம்மா, என்னாத்தைப் போட்டு வச்சிருக்க குரூப்புல?"

"அண்ணே... சாரை எப்ப கொண்டு வாராங்க?"

"எக்ஸ்ரே முடிஞ்சதும் வருவாரு. இந்தா, பக்கத்துலதான் உக்காந்து டீ குடிக்கிறாரு. ஏணியிலருந்து தவறி விழுந்துட்டாருன்னு சொன்னேன். கையிலதாம்மா அடி."

"அண்ணே, சத்தியமாவா?" என்று கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "சார் இருக்காரு! நல்லா இருக்காரு!" என்று கத்தினேன். எதிர்வீட்டு அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னை முறைத்தார். பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தவர் மெதுவாகப் போனை அணைத்தார். ஆட்டோக்காரத் தம்பி மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். கடைசியில் ஆட்டோக் கம்பியில் மாட்டிவைத்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆடு வந்து அதை இழுத்துத் தின்றது. யாரும் விரட்டவில்லை.

குழுவில் போட்ட செய்தியை அழித்தேன். மன்னிப்புக் கேட்டு வேறொன்று போட்டேன். திட்டியவர்கள் திட்டினார்கள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பத்து மணி வாக்கில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல், அழுதழுது கம்மியிருந்தது.

"நீங்கதானுங்களா மாமா தவறிட்டாருன்னு மெசேஜ் போட்டது? நான் அவரு மருமகளுங்க. திருப்பூர்ல இருந்து பேசறனுங்க. எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?"

எதிர்வீட்டு அக்கா யாருக்கும் தெரியாமல் அந்த மகனோடும் மருமகளோடும் தொடர்பில் இருந்திருக்கிறார். செய்தியைப் பார்த்ததும் அழுதபடியே என் எண்ணோடு அவர்களுக்கு அனுப்பிவிட்டார். பிறகு வந்த குழப்பத்தில் திருத்தம் சொல்ல மறந்துவிட்டார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் திட்ட ஆரம்பித்தாள். மனுஷியா நீங்கள், உங்களுக்குக் கை கூசவில்லையா, குழந்தை பயந்து அழுதுகொண்டிருக்கிறது என்று. எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றேன்.

"உங்க வீட்டுக்காரருக்கு உடனே சொல்லிருங்கம்மா" என்றேன்.

"எப்படிங்க சொல்றது? அவரு அப்பவே கெளம்பிட்டாருங்க. போனைச் சார்ஜுல போட்டது போட்டபடி இருக்குது. எந்த பஸ்ஸுன்னும் தெரியாதுங்க. அங்க ஆரப்பாளையத்துலதான் வந்து எறங்குவாரு."

நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம். அத்தனை நேரமும் அப்பா செத்துப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்துகொண்டிருப்பான். பேசாமல் விட்ட வருடங்களை எல்லாம் எண்ணிக்கொண்டு வருவான். ஆட்டோக்காரத் தம்பியிடம், "ஆஸ்பத்திரிக்கு விடுப்பா" என்றேன்.

போர்மேன் சார் மாவுக்கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மறு கையில் கண்டக்டர் அண்ணனின் போன். நான் குழுவில் போட்டதற்கு வந்த இரங்கல்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா" என்றார். "இந்தா பாரு, ரெண்டாம் தெருக்காரன் என்னைய மாமனிதர்ங்கிறான். நேத்து வரைக்கும் வணக்கம் சொன்னதில்லை."

"சார், என்னை மன்னிச்சிருங்க."

"சரி விடு. எத்தனை பேருக்கு இந்தக் குடுப்பினை கிடைக்கும்?"

நான் சிரிக்கவில்லை. "சார், உங்க மகனுக்கும் செய்தி போயிருச்சு. பஸ் ஏறிட்டாரு. போனை வீட்டுலயே விட்டுட்டாரு" என்றேன்.

அவர் போனை மெதுவாக அண்ணனிடம் நீட்டினார். கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "எப்பக் கெளம்புனான்?"

"ஒன்பது மணிக்கு முன்னாடி இருக்கும் சார்."

"செய்தி பாத்த உடனேயா?"

"உடனேதான் சார்."

அவர் எழுந்தார். "ஆரப்பாளையத்துக்குத்தான போற? நானும் வாரேன். உனக்கு அவனை அடையாளம் தெரியாதுல்ல."

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் திருப்பூர் வண்டிகள் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. பன்னிரண்டரையிலிருந்து அங்கே நின்றோம். சார் உட்கார மறுத்துவிட்டார். "ஒட்டன்சத்திரத்துல சாப்பாட்டுக்கு நிப்பாட்டுவான். கால்மணி நேரம் போயிரும்" என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முதல் வண்டி வந்தது, இல்லை. அடுத்தது வந்தது, அதிலும் இல்லை. ஒவ்வொரு வண்டியிலும் கடைசி ஆள் இறங்கும்வரை அவர் பார்வை படிக்கட்டை விட்டு நகரவில்லை.

அடுத்த வண்டி உள்ளே திரும்பும்போது சொன்னார்: "ஏம்மா, என்னைய திடீர்னு பாத்தா அவன் பயந்துருவான். நீ முதல்ல போயிச் சொல்லு." சொல்லிவிட்டு டீக்கடைத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கிருந்தே, "அந்தா, நீலச் சட்டை. இளைச்சுப் போயிட்டானே" என்றார்.

நீலச் சட்டைக்காரன் கையில் பை இல்லை. காலில் வீட்டில் போடும் ரப்பர் செருப்பு. கண்கள் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. யாரையும் பார்க்காமல் ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்து வேகமாக நடந்தான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தம்பி, நீங்க போர்மேன் சார் மகன்தான? அப்பா நல்லா இருக்காரு."

அவனுக்குப் புரியவில்லை. "நீங்க யாரு?"

"நான்தான் அந்தச் செய்தியைப் போட்டவ. தப்பாப் போட்டுட்டேன் தம்பி. அப்பாவுக்குக் கையிலதான் அடி. உயிரோட இருக்காரு."

அவன் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. அடித்துவிடுவானோ என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "பொய் சொல்லாதீங்க" என்றான். குரல் உடைந்தது. "அழாமக் கூட்டிட்டுப் போறதுக்காகச் சொல்றீங்களா?"

அதற்குள் சார் தூணுக்குப் பின்னாலிருந்து வந்துவிட்டார். மகனுக்கு முன்னால் நின்று கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

"கையிதான்டா. மத்ததெல்லாம் நல்லா இருக்கு."

அவன் அப்பாவின் தோளைத் தொட்டான். மாவுக்கட்டைத் தொட்டான். பிறகு அப்படியே அந்தச் சிமெண்டுத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதான். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பின்னால் ஒரு வண்டி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. அந்த வண்டியின் கண்டக்டர் விசில் ஊதினார். சார் ஒற்றைக் கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். "எந்திரி. எந்திரிடா, வண்டி வருது." அவர் குரலும் சரியாக இல்லை.

அவன் எழுந்தான். சார் என் போனை வாங்கி மகனிடம் கொடுத்து, "வீட்டுக்குப் பேசு. அந்தப் பிள்ளை பயந்து போயிருக்கும்" என்றார். மருமகளை அவர் அப்படிச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

இருவரையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். என்னையும் ஏறச் சொன்னார்கள். "நீங்க பேசிக்கிட்டே போங்க, நான் பின்னாடி வாரேன்" என்று டவுன் பஸ் ஏறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போனதும், காய்ச்சலில் கிடந்த கணவர் எழுந்து வைத்திருந்த ரசத்தில் மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன். பிறகு எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்முன் தூங்கிவிட்டேன்.

மகன் மூன்று நாள் இருந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போனான். நான் செய்திப் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன் என்று சங்கத்தில் சொன்னேன். சார்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "இனி யாரு சொன்னாலும் நடந்து போயிப் பாத்துட்டுப் போடு. அம்புட்டுத்தான்" என்றார். மார்கழி முழுக்க அப்படித்தான் செய்தேன். மூன்றாம் தெருப் பெண் நாலைந்து முறை என்னை முந்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பொங்கலுக்கு மருமகளும் குழந்தையும் வந்தார்கள். கரும்பு கொடுக்கிற சாக்கில் அவளே என் வீட்டுக்கு வந்தாள். சின்ன உருவம், தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அன்னைக்குப் போன்ல உங்களை ரொம்பத் திட்டிப்போட்டனுங்க அக்கா."

"திட்ட வேண்டியதுதாம்மா. உள்ள வா, காப்பி போடுறேன்" என்றேன்.

"இல்லீங்க, இன்னொரு நாள் வர்றேன். மாமா காத்துக்கிட்டிருப்பாரு. பாப்பாவை பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போகோணும்னு காலையில இருந்து சொல்லிட்டிருக்கறாரு" என்றாள். வாசலில் சார் நின்றுகொண்டிருந்தார். கட்டுப் பிரித்த கையில் பேத்தியின் விரலைப் பிடித்திருந்தார்.