களத்துக் கேமரா

கீழ்வேளூர் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. அதன் கம்ப்யூட்டர் பிரிவில் நானும் என் கணவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் சிங்கப்பூர் போன பிறகும் அவருடைய லாகின் கணக்கை முதலாளி மூடச் சொல்லவில்லை. கோளாறு ஏதும் வந்தால் அங்கிருந்தே சரிபண்ணுவாரே என்று விட்டுவைத்தார். அந்தக் கணக்கில் நெல் காயவைக்கும் களத்தின் கேமராவும் தெரியும்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவக் களத்தைக் கடந்துதான் குழாயடிக்குப் போக வேண்டும். ஒருநாள் போனில் கணவர் கேட்டார்: "இன்னிக்கு ஏன் நொண்டி நொண்டி நடந்தே? கால்ல என்ன?"

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. "தினமும்தான் வீடியோ கால்ல பாக்குறீங்களே, அது போதாதா?"

"அதுல நீ எனக்காக மூஞ்சியைக் காட்டுறே. இதுல நீ பாட்டுக்கு நடந்து போறே. நான் அங்கேயே இருக்குற மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு குழாயடிக்கு மெதுவாகவே போனேன்.

குறுவை அறுவடை சமயம். ஒரு காலையில் ஆலையின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் மொத்தமாக முடங்கிவிட்டன. எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவரின் பாஸ்வேர்டைத் திருடி யாரோ உள்ளே வந்திருந்தார்கள். வாசலைத் தாண்டியவனுக்கு எல்லா அறையும் திறந்தே கிடந்தது. நெல் ஏற்றிய டிராக்டர்கள் எடைமேடையிலிருந்து ரோடு வரை நின்றன. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. விவசாயிகள் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டே எங்களைத் திட்டினார்கள்.

எல்லாவற்றையும் மீட்டெடுத்த பிறகு 'ஸீரோ ட்ரஸ்ட்' முறையைக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தது. தெரிந்தவர் என்பதற்காக யாரையும் அது உள்ளே விடாது. ஆள் யார், எந்தக் கருவியிலிருந்து வருகிறார், என்ன வேலையாக வருகிறார் என்று ஒவ்வொரு முறையும் கேட்கும். அந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் திறக்கும்.

என் கணவரின் பெயர் வந்தபோது முதலாளி, "அவர் நம்ம ஆளும்மா. அது மட்டும் இருக்கட்டும்" என்றார்.

"வேணாங்க சார். நம்ம ஆளுன்னு விட்டுவச்ச கணக்குலதான் இவ்வளவும் நடந்துச்சு."

மூட வேண்டிய கணக்குகளின் பட்டியலில் அவர் பெயரையும் நானே எழுதினேன்.

அன்றே கணவரிடம் சொன்னேன். "நானா இருந்தாலும் மூடித்தான் இருப்பேன்" என்றார். பிறகு, "நாளைக்கு மதியம் வரைக்கும் வச்சிருப்பியா?"

மறுநாள் டப்பாவோடு களத்தில் நடந்தேன். கேமராவை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அதுவும் அவருக்காக முகம் காட்டுவதாகிவிடும். குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கணக்கை மூடினேன்.

சில வாரங்கள் கழித்து அவருடைய பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்து எங்கிருந்தோ ஒருவன் நுழையப் பார்த்தான். முடியவில்லை. ஆபீஸில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். கணவர் மட்டும், "மூடாம விட்டிருந்தா வேற எவனோ உன்னைப் பாத்துட்டு இருந்திருப்பான்ல?" என்றார்.

இப்போதெல்லாம் சாயங்காலம் நான் வாய்க்கால் ஓரமாகப் பஸ் ஸ்டாப்புக்குப் போகும் நேரம் பார்த்துக் கூப்பிடுகிறார். வாயெடுத்தால், "பேச வேணாம். போனைக் கையிலேயே வச்சுக்கிட்டு நட" என்கிறார்.

நடக்கிறேன். மடையில் தண்ணீர் விழுகிற சத்தமும் என் செருப்புச் சத்தமும் அவருக்குக் கேட்கும். பஸ் வந்து நின்றதும் மெல்லக் கேட்கிறார்: "உக்கார இடம் இருக்கா?"