இடைவேளையில் இரண்டு நிமிடம்

ஜீவமணிக்குப் பகலில் துறைமுகத்து எடைமேடையில் வேலை. லாரி நம்பரைப் பார்த்து எழுதுவான், யாரோடும் பேச மாட்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் வேறு ஆள். சுற்றுவட்டாரத்தில் எங்கே பந்து உருண்டாலும் மைக் அவன் கையில்தான். இருபத்தாறு வருடமாக ஊரான் பெயரையெல்லாம் தொண்டை வறளச் சொல்லிவருகிறான்.

அந்த வகையில் ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்கள் பலரோடு அவனுக்குப் பழக்கம். ஒரு கபடிக்காரர், பக்கத்து நாற்காலிக்காரருக்கு எத்தனை சால்வை விழுகிறதென்று எண்ணுவார். ஒரு வாலிபால்காரர், படம் எடுக்க யாரும் வராவிட்டால் தன் போனையே நீட்டுவார். எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிறவர் வில்பிரட் அண்ணாச்சி. நாற்பது வருடத்துக்கு முன் மாநிலக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். கோழிக்கோட்டில் ஒரே ஆட்டத்தில் இரண்டு பெனால்டியைத் தடுத்தவர். எந்தப் போட்டிக்கும் அழைப்பை எதிர்பார்க்காமல் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்துவிடுவார்.

"ஏலே ஜீவமணி, முன்னாள் கோல்கீப்பர்னு சொல்லுத பாரு, அந்த முன்னாள மட்டும் கொஞ்சம் மெல்லச் சொல்லு" என்பார்.

போன மாதம் தருவைகுளத்தில் பெண்கள் இறுதிப் போட்டி. தூத்துக்குடி அணியில் ஜீவமணியின் மகள் ஷெர்லி முதல்முறையாக இறங்கினாள்.

"எப்பா, நான் கோல் அடிச்சா என் பேர நல்லா இழுத்துச் சொல்லணும். யாருக்கோ சொல்லுத மாதிரி சொல்லக் கூடாது" என்று காலையிலேயே கட்டளை போட்டிருந்தாள். குளியலறையில் ஜீவமணி நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

இடைவேளை வரை யாரும் கோல் போடவில்லை. அண்ணாச்சிக்கு மைக்கில் பேச இரண்டு நிமிடம் கொடு என்றார்கள் கமிட்டிக்காரர்கள். அவர் கோழிக்கோட்டுக்கு ரயில் ஏறியதிலிருந்து ஆரம்பித்தார். இடைவேளை முடிந்து விசில் ஊதியபோது முதல் பெனால்டிக்குத்தான் வந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஆட்டம் ஆரம்பிச்சிட்டு."

"ஆரம்பிக்கட்டும்ல."

ஜீவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து ஆம்ப்ளிஃபயர் சுவிட்சில் விரலை வைத்தான். அண்ணாச்சி இரண்டாவது பெனால்டிக்கு வந்துவிட்டார். அந்த இடத்தில் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வார்.

"இடப்பக்கம் அடிக்கான்... பாயுதேன்... புடிச்சிட்டேன்!"

அதே நொடியில் ஷெர்லி அடித்த பந்து வலைக்குள் போனது. மைதானமே எழுந்து நின்று கத்தியது. அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். அத்தனை பேரும் கைதட்டுவதைப் பார்த்தார். கை இரண்டையும் கூப்பினார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"நீங்க யாரும் என்னைய மறக்கல" என்றார் மைக்கில்.

ஜீவமணி சுவிட்சிலிருந்து விரலை எடுத்தான். மைக்கை வாங்கி, "அண்ணாச்சிக்கு நன்றி, ஆட்டம் தொடர்கிறது" என்று மட்டும் சொன்னான். தூத்துக்குடி அந்த ஒரே கோலில் ஜெயித்தது.

வீடு திரும்பும்போது பைக்கின் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்த ஷெர்லியிடம் ஜீவமணி கேட்டான்.

"ஏளா, அந்த மனுசன் அழுதத பாத்தியா? அப்பம் போயி உன் பேரச் சொன்னா, கைதட்டுனது அவருக்கில்லன்னு தெரிஞ்சி போவும்லா?"

"அவரு நாப்பது வருசமா அதையே சொல்லிக்கிட்டுத் திரியுதாரு. நான் இன்னைக்குத்தான அடிச்சிருக்கேன்" என்றாள் ஷெர்லி. "எனக்குத் தட்டுன கைதட்டுப்பா அது. நீ ஏன் அவருக்கு எடுத்துக் குடுத்த?"