கண்ட்ரோல் ஒய்யும் நாலாம் லயமும்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. டைப்பிஸ்ட் என்பதால் என்னை ஹட்டனுக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மௌஸ் எல்லாம் கிடையாது. கண்ட்ரோலோடு ஓர் எழுத்தைச் சேர்த்து அமுக்கினால் ஒரு வேலை நடக்கும். "கண்ட்ரோலும் ஒய்யும் அமுக்கினா ஒரு லைன் அழிஞ்சிடும்" என்றார் பயிற்சி தந்தவர். நான் கொப்பியில் 'ஒய் - லயம் அழியும்' என்று எழுதிக்கொண்டேன். லயத்தில் பிறந்தவளுக்கு லைன் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் பத்து வீடுகள் ஒட்டி நிற்கும் லயம்தானே, வேறென்ன?

திரும்பி வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது. பெரிய கிளாக்கர் டைப்ரைட்டரில் தாளைச் செருகி நிமிர்வதற்குள் நான் பாதிக் கடிதம் முடித்திருப்பேன். "மெதுவா புள்ள, மிசினு எங்கயும் ஓடிறாது" என்பார். எனக்கா கேட்கும்?

அந்த மழைக்காலத்தில் தோட்டத்து மேனேஜர் துரை ஒரு பட்டியல் அடிக்கச் சொன்னார். கூரைத் தகரம் மாற்ற வேண்டிய லயங்கள். நாலாம் லயம் எங்களுடையது. ஒழுகலுக்குப் பயந்து அம்மா வருடக்கணக்காகக் கட்டிலை மூலைக்கு மூலை நகர்த்திக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் நாலாம் லயத்தை இரண்டு தடவை அடித்துவிட்டேன். ஒன்றை அழிக்கக் கண்ட்ரோல் ஒய் அமுக்கினேன். வேகத்தில் அதுவும் இரண்டு தடவை. துரை கையெழுத்துப் போட்டார், பட்டியல் கடிதம் ஜீப்பில் நுவரெலியாவிலுள்ள கம்பெனி ஆபீசுக்குப் போய்விட்டது.

ஆபீஸ் பிரதியைக் கோப்பில் வைக்கும்போதுதான் கவனித்தேன். மூன்றுக்கு அடுத்து ஐந்து.

"ஐயா! நாலாம் லயம் போயிருச்சுங்க!" என்று அலறினேன்.

பெரிய கிளாக்கர் ஜன்னலுக்கு வெளியே கொட்டும் மழையைப் பார்த்தார். "ஐயையோ, மண்ணு சரிஞ்சிருச்சா?" என்று குடைகூட எடுக்காமல் ஓடினார். சத்தம் கேட்டுத் துரையும் ஓடினார். பின்னால் நான், "கம்ப்யூட்டர்லங்க! கம்ப்யூட்டர்ல!" என்று கத்திக்கொண்டே. யார் காதிலும் விழவில்லை.

லயம் அப்படியே நின்றது. அம்மா நிரம்பிய பேசினை வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். துரை மூச்சு வாங்கக் குனிந்து எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். எந்தத் துரையும் அதுவரை அந்த வாசலைத் தாண்டியதில்லை. உள்ளே மூன்று பேசின், ஒரு குடம். அவர் தொப்பி மேலேயே சொட்டியது.

நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"வேற கடிதம் அடி" என்றார் துரை. "நாலாம் லயத்த முதல்ல போடு."

தகரம் முதலில் எங்களுக்குத்தான் வந்தது. நான் லயத்தை அழித்த கதையும் தோட்டம் முழுக்கப் பரவியது. ஒரு நாள் ஏழாம் லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் கொழுந்துக் கூடையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள்.

"தங்கச்சி, எங்க லயத்தையும் ஒருக்கா அழிச்சு விடேன்."

சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. ஏழாம் லயம் அந்தப் பட்டியலில் இருந்ததே இல்லை. நான் எதை அழிப்பேன்?